சிவப்பு மையில் ஒரு திருத்தம்

பினாங்கு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டி வலிக்கு ஊசி போட்ட பிறகு தேவலை என்று எழுதியிருந்தாய், மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதே தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏற வேண்டுமாம். கொஞ்ச நாள் போகட்டும் என்றால் கேட்பதாக இல்லை.

நான் தாமதித்ததற்குக் காரணம் எங்கள் ரிவியூதான். மாத்திரை போட்டீர்களா என்று கைப்பேசியில் நினைவூட்டினால் நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருகிறதா? இதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தேடிச் சேர்த்து எடைபோடுகிறோம். எதைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம், எதை முதன்மை விளைவாக வைத்துத் தீர்ப்புச் சொல்வோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் புரோட்டோகால். 2011-இல் யார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய புரோஸ்பெரோ என்ற இணையப் பதிவேட்டில் அதைப் பதிந்தோம். பிறகு திருத்தினாலும் பழைய பதிப்பு தேதியோடு அங்கேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முதன்மை விளைவு ஆறாம் மாத எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, என்று பதிந்திருந்தோம். தரவை எடுத்துப் பார்த்தால் பல ஆய்வுகள் மூன்று மாதத்தோடு நின்றிருக்கின்றன. மூன்றாம் மாதத்தில் பலன் பளிச்சென்று தெரிகிறது, ஆறாம் மாதத்தில் மங்கிவிடுகிறது. குழுவில் மூத்தவர் ஒருவர், "மூன்று மாதத்தையே முதன்மையாக்கிவிடலாம், ஆரம்பத்திலிருந்தே அப்படி என்று எழுதிவிடலாம்" என்றார். அவர் நேர்மையானவர், சரசு. அவருக்கே அது தப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒன்றுக்கும் உதவாத மருந்தை இருபது விதமாக அளந்தால், வழக்கமான ஐந்து சதவீத வரம்பில், சராசரியாக ஒரு அளவு தற்செயலாகவே "பலன் உண்டு" என்று காட்டும். முடிவைப் பார்த்துவிட்டு அந்த ஒன்றை முன்னால் எடுத்து வைத்தால், படிக்கிற டாக்டருக்கு மற்ற பத்தொன்பதும் கண்ணில் படாது. கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவரின் உடம்பில்தான் அது போய் முடியும்.

அப்பா பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் கணக்கு எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். பேரேட்டில் தொகை தப்பாக விழுந்தால் பிளேடால் சுரண்டவே மாட்டார். அடிக்கோல் வைத்து ஒரே கோடு, பழைய எண் படிக்கிற மாதிரி. மேலே சிவப்பு மையில் சரியான எண், ஓரத்தில் தேதி, சின்னதாகக் கையெழுத்து. சுரண்டின தாள் விரலில் சொரசொரக்கும், விளக்கில் பிடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து தெரியும் என்று என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டியிருக்கிறார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். மாற்றுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. இப்படிப்பட்ட ரிவியூக்களை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 வழிகாட்டியில் உள்ள 27 அம்சங்களில் 24-ஆவது, பதிவில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று விளக்கச் சொல்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ரிவியூக்களில் புரோட்டோகாலிலிருந்து எங்கே விலகினோம் என்று சொல்வதற்கென்றே ஒரு பகுதி உண்டு. நாங்களே முன்பு ஆங்கிலக் கட்டுரைகள் மட்டும் போதும் என்று எழுதியிருந்தோம். சீனம் தெரிந்தவர் ஒருவர் குழுவில் சேர்ந்ததும், தேடலைத் தொடங்கும் முன்பே அதை விரிவாக்கினோம். அதனால் ரிவியூ நன்றாகத்தான் ஆனது. அதைக் காரணத்தோடு சொல்ல முடிந்த நமக்கு இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன்.

பெரியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அவரே கூப்பிட்டு, "நீயே எழுதும்மா அந்த விளக்கப் பத்தியை" என்றார். ஆறு மாதம் முதன்மையாகவே நிற்கும். மூன்று மாதக் கணக்கு கூடுதல் பகுப்பாய்வாகப் போகும், தரவைப் பார்த்த பிறகு சேர்த்தது என்ற வாக்கியத்தோடு.

அந்தப் பத்தியைத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ இந்தத் துறையில் இல்லாதவள், அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். எந்த வரியில் நான் மழுப்புகிற மாதிரி இருக்கிறதோ, அங்கே பென்சிலால் கோடு போட்டு அனுப்பு.

அன்புடன்,
மல்லிகா