அரை மணி நேரமாவது விஷம் கலக்காமல் கொடுங்கள்

தமிழ்த் தொடர்களை எடுப்பவர்களுக்கும் அவற்றை ஒளிபரப்பும் சேனல்காரர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் என்ன காட்டுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து 22 வருஷமாக மாமியாருக்குச் சாயங்காலக் காபி நான்தான் போடுகிறேன். சர்க்கரை அரை ஸ்பூன், டிகாக்‌ஷன் தூக்கலாக. அன்றைக்கு டம்ளரை நீட்டினேன், வாங்கவில்லை. "முதல்ல நீ ஒரு வாய் குடிச்சிட்டுக் குடு" என்றார். விளையாட்டோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி உங்கள் தொடரில் ஒரு மருமகள் பாலில் எதையோ கலந்திருந்தாள். நான் குடித்துக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார். எனக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி ஊட்டியவர் அவர்.

ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் ஒரே ஒரு அரை மணி நேரம், யாரும் யாரையும் கொல்லப் பார்க்காத கதை ஒன்று வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நான் வளர்ந்தது குடியாத்தம். தெருவுக்கே ஒரு டிவி. தூர்தர்ஷனின் மெட்ராஸ் நிலையத்தைப் பிடிக்க மாடியில் ஆன்டெனா, காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், கீழேயிருந்து "வந்துச்சு, வந்துச்சு... போயிடுச்சு" என்று கத்துவோம். அம்மா மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டே பார்ப்பார். அன்றைய தொடர்கள் பெரும்பாலும் 13 வாரத்தில் முடிந்துவிடும். அதிலும் மாமியார் மருமகள் சண்டை இருந்தது, கடன் இருந்தது. ஆனால் சண்டை போட்டவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையையும் நிறையப் பார்த்தோம்; விவசாய நிகழ்ச்சியான 'வயலும் வாழ்வும்' வந்தால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவோம்.

இன்றைக்குத் தடங்கலே இல்லை, அதுதான் வருத்தம். உங்கள் தொடர்ப் பெண்கள் பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாகவே தூங்குகிறார்கள். கன்னத்தில் விழும் ஒரு அறைக்கு மூன்று கேமரா கோணம், அதில் எட்டுப் பேர் முகம், நடுவில் நகைக்கடன் விளம்பரம். வியாழக்கிழமை டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, வந்தால் அடுத்த வாரம் யாருக்கு விஷம் என்று தெரிந்துவிடும். கேபிள் பணம் மட்டும் மாசாமாசம் சரியாக வாங்குகிறீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். அந்தக் காலத்தில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. நேயர்களின் கடிதங்களைப் படித்து நிலைய இயக்குநரே பதில் சொல்வார், திட்டி எழுதினால்கூட. நீங்களும் ஒரு பதில் போடுங்கள். அந்த அரை மணி நேரத்தைத் தயவுசெய்து கொடுங்கள். அதுவரை தினமும் சாயங்காலம் முதல் வாய் நான்தான் குடிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மருமகள்