தேருக்கும் பந்தலுக்கும் நாள் குறிக்கும் செட்டிநாட்டு விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசி வந்தால் "அன்னைக்கு நம்ம ஊருல மழை உண்டா?" என்று கேட்கிறீர்கள். ஐந்து நாள் முன்பே ஊர்ப் பெயரோடு பதில் சொல்ல எவராலும் முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் ஆபத்தான நாள் எது என்பது பெரும்பாலும் அப்போதே தென்படும். அதை நாம் பயன்படுத்துவதே இல்லை.

கோடை இடிமழைக்கு ஈரம், சூடேறி நிலையிழந்த காற்று, அதை மேலே தள்ள ஓர் உந்துதல் ஆகிய மூன்றும் கூடிவர வேண்டும். முதல் இரண்டும் மாவட்ட அளவில் நாலைந்து நாள் முன்பே கணினிக் கணிப்பில் தெரியும். உந்துதல், தொண்டிப் பக்கமிருந்து வரும் கடற்காற்று மேலைக்காற்றோடு முட்டும் இடத்தில் கிடைக்கும். அது தேவகோட்டையோடு நிற்குமா, குன்றக்குடி வரை போகுமா என்பது அன்று மதியம்தான் தெளிவாகும்.

அமெரிக்காவில் நார்மன் நகரிலுள்ள புயல் கணிப்பு மையம், டொர்னாடோ என்னும் கடும் சுழற்காற்று உட்பட கடும் இடிப்புயல்களுக்கு எட்டு நாள் வரை வரைபடம் தருகிறது. அங்கே உயரே போகப்போகக் காற்றின் வேகமும் திசையும் வெகுவாக மாறுவதால் இடிமேகம் சுழன்றபடி மணிக்கணக்கில் நீடிக்கும். அப்படியும் நான்காம் நாளிலிருந்து 15, 30 சதவீத வாய்ப்பு என்றுதான் கோடு போடுகிறார்கள். நம் கோடையில் உயரத்துக் காற்று மெலிவு. தனி மேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். அதனால் ஊர் சொல்லிக் கணிப்பது இங்கே இன்னும் கடினம்; நாளைத்தான் கணிக்கலாம்.

ஆகவே ஐந்து நாள் முன்பு வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையில் மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தால், பந்தல்காரரிடம் இழுவைக் கயிறும் முளையும் கூடுதலாகக் கேளுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் தகரத்தின் மீதான விசை நான்கு மடங்காகும். இரண்டு நாள் முன்பும் நிறம் மாறவில்லையா? தேரோட்டத்தைக் காலைக்கு மாற்றுங்கள். இந்த மழைக்குப் பிற்பகலும் முன்னிரவும்தான் பொழுது. 'ஓரிரு இடங்களில்' என்றால் லேசான மழை என்று பொருளில்லை. கால் பங்கு இடங்கள் வரை பெய்யலாம் என்பது மட்டுமே. பெய்யும் இடத்தில் சூறையாகவே இருக்கலாம்.

விழா நாளில் மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ரேடார் படத்தை மட்டும் நம்பக் கூடாது. காரைக்கால் ரேடார் நமக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பூமியின் வளைவால் அதன் கீழ்க்கதிரே இங்கு இரண்டரை கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. மேகம் தெரியும், தரையில் வீசும் காற்று தெரியாது. மேகத்திலிருந்து இறங்கித் தரையில் பரவும் அந்தக் குளிர்காற்றோ மழைக்கு முன்னால் ஓடிவந்து பந்தலைத் தூக்கும். "தூறல் விழட்டும், பார்க்கலாம்" என்பது அதனால்தான் ஆபத்து.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் என்றால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே கூட்டத்தை மண்டபத்துக்கோ, வீடுகளுக்கோ அனுப்புங்கள். மரத்தடியும் தகரப் பந்தலும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். தேரை நிறுத்தச் சொல்லும் உரிமையை, யாரையும் கேட்காமல் சொல்லக்கூடிய ஒருவரிடம் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்தில் வானிலையைக் கவனித்து வருவோர்