டிரைவர் எழுதும் நண்பர்களே, அந்த பஃபர் இப்போது யார் கையில்?

லினக்ஸ் கர்னலுக்கு நெட்வொர்க் டிரைவர் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்து, திருத்தி, சில ராத்திரி கிராஷ் டம்ப்போடு மல்லுக்கட்டும் ஆட்களில் நானும் உண்டு. ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த மடல். பாக்கெட்டை அனுப்பும் டிரான்ஸ்மிட் ஃபங்ஷன் திருப்பித் தரும் எண்ணை வைத்துத்தான், அந்த எஸ்கேபி, அதாவது பாக்கெட்டைச் சுமக்கும் பஃபர், இனி யார் பொறுப்பு என்று கர்னல் முடிவு செய்கிறது. பலர் அதைப் பாக்கெட் போனதா இல்லையா என்ற பதிலாக நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள், வம்பு அங்கேதான் ஆரம்பம்.

போன மாதம் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஈதர்நெட் ஃபிரேம் 60 பைட்டுக்குக் குறைந்தால் பூஜ்யம் போட்டு நிரப்ப வேண்டும் அல்லவா, அதற்கு எஸ்கேபி புட் பேட்டு என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தார்கள். மெமரி கிடைக்காமல் அது தோற்றால் பஃபரைத் தானே விடுவித்துவிட்டுத்தான் பிழையைத் திருப்பும். அந்த டிரைவரோ பிழையைப் பார்த்ததும் பிஸி என்று சொல்லிவிட்டது. பிஸி என்றால் 'நான் தொடவே இல்லை, நீயே வைத்துக்கொள்' என்று அர்த்தம். கர்னலும் நம்பி, ஏற்கெனவே செத்துப்போன பஃபரை மறுபடி வரிசையில் போட்டது. அப்புறம் என்ன, மெமரி நெருக்கடி வரும் அன்றைக்கு மட்டும், சம்பந்தமே இல்லாத ஏதோ ஓரிடத்தில் மெஷின் விழும்.

அங்கே செய்ய வேண்டியது, கைவிட்ட பாக்கெட்டுகளை எண்ணும் டிராப் கவுன்டரை ஒன்று கூட்டிவிட்டு ஓகே திருப்புவது. பாக்கெட் போகவே இல்லையே, ஓகே என்றால் பொய் இல்லையா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள், நானும் ஒரு காலத்தில் கேட்டேன். 'வாங்கிக்கொண்டேன், இனி உனக்குக் கவலை இல்லை' என்பதுதான் அந்த ஓகே. டிஎம்ஏ மேப்பிங் (நெட்வொர்க் கார்டு நேரடியாக மெமரியை எட்ட வழிசெய்வது) தோற்றாலும் இதே கதை: அதுவரை மேப் செய்த துண்டுகளை அவிழ்த்து, பஃபரை விடுவித்து, ஓகே. இன்னும் சிலர் மைனஸ் ஈநோமெம் (மெமரி இல்லை என்ற பிழை எண்) திருப்பிவிட்டு பஃபரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மைனஸ் எண் வந்தாலும் பஃபரை நீங்களே விடுவித்துவிட்டீர்கள் என்றுதான் கர்னல் எடுத்துக்கொள்ளும், ஆக அது யாரும் சீந்தாமல் லீக் ஆகிறது.

பிஸியே வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. கார்டுக்குப் போகும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் சுற்று வரிசையான ரிங்கில் அடுத்த பாக்கெட்டுக்கு இடம் போதாது என்று தெரிந்த உடனேயே க்யூவை நிறுத்துங்கள், நிரம்பி வழிந்த பிறகு வேண்டாம்.

வாங்கும் பக்கத்திலும் இதே அலட்சியம். வந்த பாக்கெட்டைக் கர்னலிடம் ஒப்படைக்கும் நாப்பி ஜிஆர்ஓ ரிசீவ் என்ற ஃபங்ஷனிடம் பஃபரைக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே பைட் கணக்குக்காக அதன் நீளத்தைப் படிக்கிறீர்கள். கொடுத்த பிறகு அது உங்களுடையது இல்லை சார்! முன்னாடியே நீளத்தை ஒரு வேரியபிளில் எடுத்து வையுங்கள். இந்தப் பிழை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும், மெமரியைத் தப்பாகத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கேசான் போட்ட கர்னலில்தான் பிடிபடும்.

சரி, கேட்பது இதுதான்: அடுத்த பேட்ச் அனுப்பும் முன் கர்னலின் ஃபெயில்ஸ்லாப் வசதியைப் போட்டு, மெமரி கேட்கும் இடங்களில் வேண்டுமென்றே தோற்கவைத்து, கேசானையும், லீக்கைக் கண்டுபிடிக்கும் கேமெம்லீக்கையும் ஆன் செய்து ஒரு ராத்திரி ஓட விடுங்கள். காலையில் லாக்கைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.