ராமநாதபுரம் பக்கம் மண்டபத்துல இருக்கிற பாப்பாவுக்கு

பாப்பா, நல்லா இருக்கியா. வேலை ஜாஸ்தின்னு தெரியும், போன் எடுக்கலன்னு நான் ஒண்ணும் நினைக்கல. இங்க வெயில் ஆரம்பிச்சிடுச்சு, அப்பாவுக்கு சுகர் பரவால்ல, சின்னவன் காட்பாடி பக்கம் வீடு மாறிட்டான், மத்ததெல்லாம் அவனே சொல்லியிருப்பான். நான் எழுத வந்தது நீ வேலை பாக்குற ஹைட்ராய்டு, அந்தக் கடல் விலங்கு விஷயம்.

பி.எஸ்ஸி. பசங்களுக்கு வருஷா வருஷம் போர்டுல ஒபீலியாங்கிற ஹைட்ராய்டை வரைஞ்சவ நான், ஆனா நான் பார்த்ததெல்லாம் ஸ்லைடுல சாயம் ஏத்தினது, நீ உயிரோட பாக்குற. பால்காரம்மா "உன் பொண்ணு எங்க கீது, இன்னா வேல"ன்னு கேட்டாங்கன்னா நின்னு முழுசா சொல்றேன், கடல்ல கல்லு, கயிறு, படகோட அடி, சிப்பி எல்லாத்து மேலயும் செடி மாதிரி கிளை கிளையா வளரும், செடி இல்ல, விலங்கு, கிளை நுனியில பாலிப், அதுக்கு ஒரு வாய், சுத்தி டென்டக்கிள்னு கொட்டுற இழை, மூளை கிடையாது இதயம் கிடையாது, தின்னதோட மிச்சம் வெளிய போறதும் அதே வாய் வழியா தான். அவங்க வாயைப் பொளந்துட்டு கேக்குறாங்க. நீ இப்ப எந்த வகையை எடுத்து பாக்குறன்னு கேட்டா தான் எனக்கு சொல்லத் தெரியல, நீ சொன்னா தானே.

நேரத்துக்கு சாப்பிடுறியா? ஒபீலியாவுல இனப்பெருக்கத்துக்குன்னு இருக்கிற பாலிப்புக்கு வாயே கிடையாது, ஆனா தண்டுக்குள்ள எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய் ஓடுது, ஒண்ணு சாப்பிட்டா இன்னொண்ணுக்கும் போய் சேருது. நான் இங்க சாப்பிட்டா உனக்கு வராது பாப்பா, நீ தான் சாப்பிடணும்.

அப்புறம் கை உறை. வெறும் கையோட எதையும் தொடாத. இறகு மாதிரி அழகா நிக்கிற ஹைட்ராய்டு தான் தீயா கொட்டும், நெருப்புப் பவளம்னு சொல்றதும் நிஜப் பவளம் இல்ல, இந்த ஹைட்ராய்டுக்கு சொந்தம் தான். ஏரித் தண்ணியில இருக்குமே ஹைட்ரா, இதுக்கு சொந்தம், அதோட கொட்டும் செல்லுல இருந்து ஊசி பாயுற நேரத்தை அளந்திருக்காங்க, ஒரு செகண்டை பத்து லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்கு கூட ஆகல, நாம கையை இழுக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். போன வாரம் ஸ்டேட்டஸ்ல ஒரு கை ஃபோட்டோ போட்டிருந்த, செவப்பா கோடு கோடா இருந்துச்சு, நான் கண்ணாடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள காணோம். உன் கூட வேலை செய்ற யாரோட கையோ என்னவோ. யாரா இருந்தாலும் சொல்லு, நல்ல தண்ணி ஊத்தக் கூடாது, மிச்சம் இருக்கிற செல்லும் வெடிக்கும், மண்ணு போட்டு தேய்க்கவே கூடாது. மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரி.

நீலமா பலூன் மாதிரி மிதந்து வருமே ஃபைசேலியா, அதை ஜெல்லி மீன்னு தான் டிவியில சொல்றாங்க, அது ஒத்தை உயிர் இல்ல, ஒரு கூட்டம் தானே? மிதக்கிறது ஒண்ணு, கொட்டுறது ஒண்ணு, செரிக்கிறது ஒண்ணு, முட்டைக்கு ஒண்ணு, எல்லாம் ஒரே கருவுல இருந்து வந்து ஒட்டியே இருக்கு, பிரிச்சா எதுவும் தனியா பிழைக்காது. டென்டக்கிள் முப்பது மீட்டர் வரைக்கும் போகுமாம். கரையில செத்துக் கிடந்தாலும் கொட்டும், செத்தது தானேன்னு எடுத்துடாத.

சின்னவன் சாகாத ஜெல்லி மீன்னு ஒண்ணு ஃபார்வர்ட் பண்ணான். டுரிட்டாப்ஸிஸ் தான், அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ மெடுசா, அதாவது வளர்ந்த ஜெல்லி மீன் உருவம், சுருங்கி மறுபடி பாலிப் ஆயிடும், அது நிஜம், ஆனா அதையும் மீன் தின்னா செத்துத் தான் போகும்னு சொன்னேன். உனக்குத் தெரியாததா.

நீ நைன்த் படிக்கும்போது சதுப்பேரி ஏரியில இருந்து பாசி அள்ளிட்டு வந்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு ஜன்னல்ல வெச்சோம், வெளிச்சம் வர்ற பக்கமா கண்ணாடியில ஹைட்ரா ஒட்டிட்டு தொங்குச்சு, நீ பிளேடால ரெண்டா வெட்டி ரெண்டும் முழுசா வளர்ந்ததை பாத்துட்டு ராத்திரி அப்பாவை எழுப்பிக் காட்டின. ட்ரெம்ப்ளேன்னு ஒருத்தர் 1740கள்ல அதையே தான் பண்ணாரு, அவரு காலேஜ் வாத்தியார் கூட இல்ல, ஒரு பிரபு வீட்டுப் பசங்களுக்கு டியூஷன் எடுத்தவரு. அப்பா நேத்து அந்த பாட்டிலை பரண்ல இருந்து இறக்கி கழுவி வெச்சிருக்காரு. எதுக்குன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அன்னிக்கு மாடியில பேசினதை அவரு மறுபடி எடுக்கவே இல்ல, நீயும் எடுக்க வேணாம், போன் மட்டும் எடு.

வியாழக்கிழமை பார்சல் போடுறேன், இலவம்பாடி கத்திரிக்கா வத்தல், பருப்புப் பொடி, ஆற்காடு மக்கன் பேடா, அதோட ரப்பர் கிளவுஸ் ரெண்டு ஜோடி. மெல்லிசா இருக்கிறது வேணாம், மொழங்கை வரைக்கும் வர்றது கடையில பாத்து வெச்சிருக்கேன். சைஸ் என்னன்னு சொல்லு. வலது கையில வீக்கம் ஏதாவது இருந்தா ஒரு சைஸ் பெருசா வாங்குறேன்.

அம்மா