சேதமடைந்ததா, இற்றுப்போனதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் எங்கள் ஊர் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியின் படத்துக்குக் கீழே ‘சேதமடைந்த தொட்டி’ என்று வெளியாகியிருந்தது. செய்தி வந்ததற்கு நன்றி. ஆனால் அந்தப் பெயரடை பொருந்தவில்லை. சூறைக்காற்றில் கோபி, சத்தியமங்கலம் பக்கம் வாழைகள் சாய்ந்தால் அவை சேதமடைந்தவை. லாரி மோதிய சுற்றுச்சுவரும் அப்படியே. வெட்டுதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்த ‘சேதம்’, வெளியிலிருந்து ஏதோ தாக்கியது என்ற எண்ணத்தையே படிப்பவர் மனத்தில் எழுப்புகிறது. எங்கள் தொட்டியை எதுவும் தாக்கவில்லை. தூணுக்குள் இருக்கும் கம்பி ஆண்டுக்கணக்கில் ஈரம் ஏறித் துருப்பிடித்து, துருவினால் பருத்து, மேலிருந்த காங்கிரீட்டைப் பிளந்து தள்ளியிருக்கிறது. விரலால் சுரண்டினால் கம்பி ஏடு ஏடாக உரிகிறது. இதைப் பார்ப்பவர்கள் இங்கே ‘இத்துப்போச்சுங்க’ என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் அது ‘இற்றுப்போன’.

தறியில் உட்காருபவன் என்பதால் இந்த வேறுபாடு எனக்குக் கையிலேயே தெரியும். பல வருடம் துவைத்த போர்வையை வெளிச்சத்தில் பிடித்தால் பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு இழையும் குறுக்கு இழையும், மெலிந்து தனித்தனியே தெரியும். அது நைந்த போர்வை, இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும். ஈரத்தோடு மூட்டை கட்டிப் பரணில் போட்ட துணியோ மடிப்புக் கலையாமல் புதிது போலவே இருக்கும். இரண்டு கையாலும் லேசாக இழுத்தால் சத்தமில்லாமல் பிரிந்துவிடும். அதுதான் இற்ற துணி. ஓடாத மோட்டாரைப் பழுதடைந்தது என்று எழுதலாம், சரிசெய்தால் ஓடும். இற்றதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பேச்சுவழக்கு என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் ‘அச்சு இறும்’ என்கிறது 475ஆம் குறள். அங்கே பாரத்தால் முறிகிறது, இங்கே துருவால் என்பது உண்மைதான். ஆனால் இரண்டிலும் கேடு சிறுகச் சிறுகச் சேர்ந்தே வருகிறது. ‘சேதமடைந்த’ என்று போட்டால் அது ஒருநாள் விபத்தாகிவிடுகிறது. ‘இற்றுப்போன’ என்றால், பார்த்து மாற்றப் பல ஆண்டுகள் இருந்தும் எவரும் மாற்றவில்லை என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு மின்கம்பத்தின் அடிப்பகுதியும் இதே நிலையில் இருக்கிறது. படம் இணைத்துள்ளேன், வெளியிட்டால் ‘இற்றுப்போன மின்கம்பம்’ என்றே தலைப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கைத்தறி நெசவாளர் ஒருவர்,
சென்னிமலை.