தம்பி பார்த்த கார் பற்றி அப்பாவுக்கு

டோட்மண்ட், ஜேர்மனி
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் இங்கே சுகம். உங்களுடைய முழங்கால் நோ இப்போது எப்படி? அம்மா மருந்தை நேரத்துக்குப் போடுகிறாவா? போன ஞாயிறு கதைக்கும்போது தம்பி பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்ததால் ஒன்றையும் வடிவாகச் சொல்ல முடியவில்லை. எழுதினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக இரண்டு தரம் வாசிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி மானிப்பாயில் 2002ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 318ஐ (318i) ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "அக்காவும் அதே கார்தானே வைத்திருக்கிறா, அவவுக்கு ஒரு கரைச்சலும் இல்லையே" என்று உங்களோடு வாதாடுகிறான். அது அதே கார் இல்லை, அப்பா. உடம்பு ஒன்று, எஞ்சின் வேறு. இரண்டும் ஈ46 என்ற ஒரே வரிசைதான். அந்த நாலு கதவு மொடலை 1998இலிருந்து 2005 வரை செய்தார்கள். என்னுடையது 2003இல் வந்த 325ஐ. இரண்டரை லீற்றர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும், 192 குதிரைவலு. அவன் பார்த்ததில் இருப்பது 2001இலிருந்து 318ஐக்குப் போட்ட இரண்டு லீற்றர் நாலு சிலிண்டர், 143 குதிரைவலு. அந்த நாலு சிலிண்டரில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் தண்டவாளங்கள் தேய்ந்து உடைவதும், வால்வு சீல் காய்ந்து ஒயில் குடிப்பதும் இங்கே எல்லா மெக்கானிக்கும் சொல்கிற கதை. ஆறு சிலிண்டரும் ஒயில் கொஞ்சம் குடிக்கும், வால்வுக் கவர் கஸ்கற்றில் கசியும். ஆனால் அதன் செயினைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை.

நான் ஏன் இந்தக் காரை வாங்கினேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் அம்மா கேட்டா, "பெரிய ஆட்கள் ஓடுகிற கார் உனக்கு என்னத்துக்கு" என்று. முதியோர் இல்லத்தில் எனக்குக் காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்துக்கு அந்தக் கிராமத்துக்கு பஸ் இல்லை. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. இங்கே இருபது வருடம் ஓடிய இந்தக் கார் சின்னப் புதுக் காரை விட எவ்வளவோ மலிவு. நான் கொடுத்தது 4,800 யூரோ. வரி வருடத்துக்கு 168 யூரோ. கட்டுப்படியாகிறது.

2019இல் வாங்கிய முதல் கார் ஞாபகம் இருக்கிறதா? பட்டணத்துக்கு வெளியே கலர்க் கொடிகள் கட்டிய ஒரு விற்பனை இடத்தில் வாங்கினேன். மூன்றாம் மாதமே கியர்பொக்ஸ் போய்விட்டது. இந்த நாட்டுச் சட்டப்படி வியாபாரி பழைய கார் விற்றால் ஒரு வருடமாவது குறைபாட்டுக்குப் பொறுப்பு நிற்க வேண்டும். தனி ஆள் விற்றால் அந்தப் பொறுப்பை எழுத்தில் தட்டிக் கழிக்கலாம். திரும்பப் போய் நின்றபோது என் ஒப்பந்தத்தின் அடியில் சின்ன எழுத்தைக் காட்டினார்கள்: "வாடிக்கையாளர் சார்பில் விற்கப்படுகிறது." அதாவது, விற்றது கடை இல்லை, யாரோ ஒரு தனி ஆள். அப்போது எனக்கு இவ்வளவு ஜேர்மன் தெரியாது. பஸ் தரிப்பில் இருந்து அழுதேன். அதை உங்களுக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

அதன் பிறகு கார் வைத்திருந்த ஆளைப் பார்க்காமல் கார் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். இந்தக் காரை விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், 81 வயது. புதிதாக வாங்கி இருபது வருடத்துக்கு மேல் அவர் ஒருவரே ஓடியது. கண் மங்கியதால் விற்கிறார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராட் பண்ணினால்தான் குறை தெரியும் என்பதால், நான் வரும் வரைக்கும் ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். போனவுடன் பொனற்றில் உள்ளங்கையை வைத்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். கோண்டாவில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் அப்பா என்றேன். விலை கதைக்க முதல் அவர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கால் ஒயில் மாற்றுவாய்? பத்தாயிரம் என்றேன். உடனே உள்ளே போய் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும், பிறேக் கட்டைக்கும், பற்றறிக்கும் பற்றுச்சீட்டு. எல்லாவற்றிலும் கிலோமீற்றர் எழுதியிருந்தது. மீற்றரில் 146,000. கடைசிச் சீட்டில் 145,200. மீற்றரைத் திருப்பி வைப்பது 2005இலிருந்து இங்கே தண்டனைக் குற்றம். என்றாலும் செய்கிறவன் செய்வான். இப்படிக் கோர்வையாகச் சீட்டு இருந்தால் பொய் சொல்ல இடமில்லை.

ஓடினால் எப்படி என்று கேட்பீர்கள். அப்பா, நீங்கள் ஒருநாள் இதை ஓட வேண்டும். பாரம் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதி. பின் சில்லுதான் இழுக்கும். அதனால் ஸ்ரியறிங்குக்கு வளைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, றோட்டில் இருக்கிற சின்னக் கல்லும் கையில் தெரியும். ஆறு சிலிண்டரும் சேர்ந்து ஏறும்போது உதறலே இல்லை, ஒரு மெல்லிய ராகம் மாதிரி. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஏ2 நெடுஞ்சாலையில் போகும்போது 130இல் விட்டால், பின்னுக்கு இருக்கிற பிள்ளைகள் நித்திரை. டிக்கி 440 லீற்றர், பொங்கல் பானையும் வாழைக்குலையும் தாராளமாகப் போகும். குறை என்றால் பின் இருக்கை ஒடுக்கம். உங்கள் முழங்காலுக்கு அது சரிவராது. பனி கொட்டினால் பின்சில்லுக் காரில் கவனமாக இருக்க வேண்டும், குளிர்கால ரயர் கட்டாயம். பெற்றோல் நூறு கிலோமீற்றருக்கு ஒன்பதரை லீற்றர் போகிறது. யாழ்ப்பாண றோட்டில் நின்று நின்று போனால் இன்னும் குடிக்கும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றதைத் தம்பி மறந்துவிட்டானா?

இனித்தான் முக்கியமான விசயம்.

இந்தக் காரைக் கொல்வது சூடு. எஞ்சினைக் குளிராக்குகிற சாமான்களில் பாதி பிளாஸ்டிக்: தண்ணீர் நிரப்புகிற தாங்கி, றேடியேற்றரின் கழுத்து, தேர்மோஸ்ராற் கூடு. 100,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும்போது, உடைகிறதோ இல்லையோ, தண்ணீர்ப் பம்போடு சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட வேண்டும் என்பதுதான் தெரிந்தவர்கள் சொல்வது. என்னுடைய எஞ்சினில் கீழ்ப் பகுதியும் அலுமினியம், தலையும் அலுமினியம். ஒரு தரம் கொதித்தால் தலை வளைந்துவிடும், தலையைப் பிடிக்கிற போல்ற்றின் மரையும் கழன்று வரும். இன்னொன்று. டாஷ்போர்ட்டில் இருக்கிற சூட்டு ஊசியை நம்பக் கூடாது. ஓடுகிற ஆள் பயப்படாமல் இருக்க, அதை நடுவிலேயே நிற்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். உள்ளே சூடு எவ்வளவோ ஏறி இறங்கினாலும் ஊசி அசையாது. அசைந்தால் அப்போதே பிந்திவிட்டது.

ஆசிரியரின் கோப்பில் 2012இல் எல்லாம் மாற்றியதாகச் சீட்டு இருந்தது. ஆனால் அதுவும் பதின்மூன்று வருடம். போன மாதம் இரண்டு நாள் லீவு எடுத்து நானே மாற்றினேன். இங்கே வீட்டு முன்றலில் காரைக் கழுவவே பல ஊர்களில் விடமாட்டார்கள், ஒயில் தண்ணீர் நிலத்துக்குள் போய்விடும் என்று. அதனால் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுகிற கராஜ் இருக்கிறது, காரை உயர்த்துகிற லிப்ற்றும் ஆயுதமும் தருவார்கள். பம்பைக் கழற்றியவுடன் முதலில் உள் விசிறி உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார்த்தேன். உலோகம். மேல் குழாயை இழுக்கும்போது றேடியேற்றர்க் கழுத்தின் விளிம்பு பழைய பிஸ்கற் மாதிரி விரலோடு வந்தது. அதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. புதிய கூலன்ற் விடும்போது சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பி, ஹீற்றரை உச்சத்தில் வைத்து, விசிறியை மெல்லவிட்டு, மூடிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஆணியைத் தளர்த்த வேண்டும். குமிழி குமிழியாகக் காற்று வந்து, பிறகு தண்ணீர் மட்டும் வரும்.

அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நாவற்குழிப் பாலம் ஞாபகம் வந்தது. 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. சனம் அடைத்துக்கொண்டு நிற்க, எங்கள் ஓஸ்ரின் ஏ40 நடக்கிற ஆட்களுக்குப் பின்னால் அரக்கி அரக்கிக் கொதித்தது. குடிக்கவே தண்ணீர் இல்லை. மழை தூறத் தொடங்கியதும் அம்மாவின் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து, சேர்ந்த தண்ணீரைக் கேத்தலில் வார்த்து றேடியேற்றருக்கு விட்டீர்கள். நான் ரோச் பிடித்தேன். மண்ணெண்ணெயில் ஓடிய கார், சாவகச்சேரி வரைக்கும் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மாதிரிப் பொறுமை ஈ46க்குக் கிடையாது, அப்பா. அது கொதித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். "வீடு கிட்டத்தானே" என்று தம்பி ஓடினால் எஞ்சின் முடிந்துவிடும். சித்திரை வெயிலில் ஏ9 வீதியில் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் போகிற காருக்கு இதை இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும்.

அடுத்தது உயிர் விசயம். ஜப்பானின் தகாட்டா கம்பனி செய்த ஏர்பாக் ஈ46 கார்களிலும் போடப்பட்டிருக்கிறது. அதை ஊதவைக்கிற மருந்து காலப்போக்கில் கெட்டு, விபத்து நேரத்தில் உலோகத் துண்டுகளை முகத்தில் அடிக்கும். உலகம் முழுக்கத் திருப்பி அழைத்து மாற்றினார்கள். வெக்கையும் ஈரப்பதனும் உள்ள இடத்தில்தான் அந்த மருந்து விரைவாகக் கெடும். யாழ்ப்பாணத்தில் இரண்டும் இருக்கிறது. என் காருக்கு மாற்றிய சீட்டு கோப்பில் இருந்தது. தம்பி பார்த்த காரின் சேசி நம்பரை எழுதி எடுத்து, பி.எம்.டபிள்யூ முகவரிடம் கொடுத்து மாற்றியாயிற்றா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வருகிற வரைக்கும் அதில் யாரையும் ஏற்றி ஓட வேண்டாம்.

பிறகு கறள். இங்கே குளிர்காலத்தில் றோட்டுக்கு உப்புப் போடுவார்கள், அங்கே கடற்காற்று. முன் சில்லு வளைவு, ஜக் வைக்கிற இடம், டிக்கி மூடியில் நம்பர்த் தகடுக்கு மேல்: இவற்றைத் தட்டிப் பாருங்கள். காரை உயர்த்தி, பின் அச்சைத் தாங்குகிற சட்டம் பூட்டியிருக்கிற தரைத் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் வருடங்களில் வந்த கார்களில் அது அதிகம். ஒயில் மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளை மயோனைஸ் மாதிரிப் பிடித்திருந்தால், ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

என் தீர்மானத்தைக் கேட்டால், வீட்டில் ஒரே ஒரு கார், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எந்த நேரமும் ஸ்ராட் வர வேண்டும் என்றால், ஒரு பழைய டொயோட்டா பிறிமியோ நல்லது. மெக்கானிக்கும் சாமானும் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி இந்த வருடம் பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காசைக் கொடுத்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் இந்தக் கார் வேண்டவே வேண்டாம். வாங்குகிற காசில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வைக்க முடிந்தால், சீட்டும் சரியாக இருந்தால், தம்பி வாங்கட்டும். அவனுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஏ40ஐத் துடைக்கிறபோது அவனும் ஒரு துணித் துண்டோடு நின்றவன்தானே.

என் காரை அனுப்பச் சொல்லி அவன் கேட்க வேண்டாம். ஸ்ரியறிங் இடப்பக்கம், இந்த வயதுக் காரை அங்கே இறக்கவும் விடமாட்டார்கள். ஆனால் சாமான் அனுப்புவேன். சேசி நம்பரின் கடைசி ஏழு எழுத்துகளைத் தந்தால் சரியான சாமான் எது என்று இங்கே பார்த்துவிடலாம். கொழும்பில் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் அலைய வேண்டியதில்லை. பெரியம்மாவின் மகன் தை மாதம் வருகிறான். தேர்மோஸ்ராற், பம்ப், தண்ணீர்த் தாங்கி மூன்றும் அவனுடைய பெட்டிக்குள் போகும், சொக்லற்றைக் குறைத்துவிடலாம்.

நீங்கள் நேரில் பார்க்காமல் தம்பி முற்பணம் கொடுக்கக் கூடாது. காலையில், வெயில் ஏற முதல் போங்கள். போனவுடன் எனக்கு வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கள். இங்கே இப்போது நாலரை மணித்தியாலம் பின்னுக்கு, பரவாயில்லை, நான் எழும்பி இருப்பேன். விற்கிறவர் என்ன சொன்னாலும் முதலில் பொனற்றில் கையை வையுங்கள், அப்பா. சூடாக இருந்தால் ஒன்றும் கதைக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அன்பு மகள்