விதை அனுப்ப மாட்டேன்

ஈசூன், சிங்கப்பூர்
மார்ச் மாதக் கடைசி

அன்புள்ள மங்களம்,

இங்கு அனைவரும் நலம். உன் மகனையும் மருமகளையும் கேட்டதாகச் சொல். பெரிய டீச்சருக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. தேக்கா சந்தையில் என்னைப் பார்த்ததும் முதலில் உன்னைப் பற்றித்தான் குறை சொன்னார்கள். ஆகவே உன்னை யாரும் மறந்துவிடவில்லை என்று நிம்மதியாக இரு.

நான் உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நம் புளோக்கின் கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டியிருக்கும் கெமுனிங் செடி வேலி பூத்துவிட்டது. ஒரு கிளை, இரண்டு கிளை அன்று. மக்சிக் என்று நாம் கூப்பிடும் மலாய் அம்மா நட்ட மூலையிலிருந்து சமூகத் தோட்டத்தின் வாசல்வரை மொத்த வேலியும் ஒரே இரவில் வெள்ளையாகிவிட்டது. நாலாம் மாடிப் பெண், யாரோ அத்தர் புட்டியை உடைத்துவிட்டார்கள் என்று எண்ணித் தாழ்வாரம் முழுவதும் தேடியிருக்கிறாள். நான் இரவு உடையிலேயே கீழே இறங்கிப் போய் ஒரு பூவைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து இதழ்களும் பின்பக்கமாக வளைந்திருந்தன. நடுவே நீளமும் குட்டையும் மாறி மாறிப் பத்து மகரந்தத் தாள்கள் நின்றன. வெயிலேறினால் மணம் தணிந்துவிடும். இரவில்தான் அது மாடி ஏறி வரும். ஆரஞ்சுப் பூவின் வாசனைதான், ஆனால் இன்னும் கனமானது. ஊரில் இதைக் காட்டுக் கறிவேப்பிலை என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். மக்சிக்கோ தன் பாட்டனாரின் கிரிஸ் கத்திக்குக் கைப்பிடி இந்த மரத்தில்தான் கடைந்தது என்று இன்றும் பெருமை பேசுவார்.

இது தானாகப் பூத்ததாக நினைத்துவிடாதே. இதற்காக நான் போன ஆண்டு முழுவதும் தோட்டக் குழுவோடு மல்லுக்கு நின்றேன். புதிதாகச் சேர்ந்த இளந்தம்பதி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ போய் லாவெண்டர் வயல்களைப் பார்த்து வந்தார்கள். வந்த நாள்முதல் வேலியைப் பிடுங்கிவிட்டு லாவெண்டர் நட வேண்டும் என்பதே பேச்சு. மணக்கும், வறட்சி தாங்கும், ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்று படத்தோடு விளக்கினார்கள். மூன்றும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செடி தாங்கும் வறட்சி மத்தியதரைக் கடலோரத்து மலைச்சரிவின் வறட்சி; அங்கே கோடையில் காற்றும் உலர்ந்திருக்கும், மண்ணும் கல்லும் கலந்து தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், குளிர்காலம் ஒன்று வந்து செடிக்கு ஓய்வும் கொடுக்கும். இங்கே ஆண்டுச் சராசரி மழை 2,113 மில்லிமீட்டர், இரவிலும் புழுக்கம். வறட்சி தாங்குமா என்று கேட்பதைவிட, மழை தாங்குமா என்று முதலில் கேட்பதுதான் நம் ஊருக்குப் பொருத்தமான கேள்வி. கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) லாவெண்டரை மலர்க் குவிமாடத்துக்குள் குளிரூட்டித்தான் வளர்க்கிறார்கள். நம் வேலிக்குக் குளிரூட்டி பொருத்த நகர மன்றம் இசைந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை என்று கூட்டத்திலேயே சொன்னேன். சிங்கப்பூரில் திறந்தவெளியில் நிலைத்து நிற்கும் ஒரே லாவெண்டர் எம்ஆர்டி ரயில் நிலையம்தான் என்றும் சொன்னேன். அதுவும், நிலையத்துக்குப் பெயர் கொடுத்த லாவெண்டர் சாலைக்கு 1858-இல் அப்பெயர் வந்தது, சுற்றியிருந்த காய்கறித் தோட்டங்களுக்கு இட்ட மலஉரத்தின் நாற்றத்தைக் கேலி செய்துதான். யாரும் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய், பிறகு என்னை அடக்கியும் இருப்பாய்.

கெமுனிங்கோ மழையில் ஊறினாலும் அழுகாது, வெயிலில் காய்ந்தாலும் சாகாது. ஆனால் அதனிடம் ஒரு பிடிவாதம் உண்டு: தாகம் எடுக்காமல் பூக்காது. சில வாரம் மண் வறண்டு, இலை சற்றுச் சோர்ந்து, அதன்மேல் நல்ல மழை ஒன்று இறங்கினால்தான் கிளை நுனிகளில் மொட்டுக் கட்டும். அதனால்தான் வட்டாரத்தில் உள்ள செடிகளெல்லாம் பேசி வைத்ததுபோல் ஒன்றாகப் பூக்கின்றன. 2014 பிப்ரவரி உனக்கு நினைவிருக்கும். சாங்கி வானிலை நிலையத்தில் அந்த மாதம் முழுவதும் பெய்தது 0.2 மில்லிமீட்டர், 1869-க்குப் பிறகு அவ்வளவு வறண்ட மாதமே கிடையாது. புல்வெளியெல்லாம் வைக்கோல் நிறமாகக் கிடந்தது, நீ பள்ளி முற்றத்துச் செடிகளுக்காக அழாத குறையாகப் புலம்பினாய். பிறகு மழை வந்ததும் சாலையோரத்து மரங்கள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளியதையும், எல்லாரும் செர்ரி மரம் செர்ரி மரம் என்று கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் பார்த்தோமே, அதே கணக்குதான்.

நம் குழுவினரோ அன்பு மிகுதியால் நாள்தோறும் காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிடுவார்கள். செடி வயிறு நிறைந்து, இலை மேல் இலையாக விட்டுக்கொண்டு, பூவைப் பற்றிய எண்ணமே இல்லாமல் இருந்தது. மாட்டெரு, கோழியெரு என்று தழைச்சத்தும் அள்ளிப் போட்டார்கள். இதற்கு மேல், வேலி வெட்ட வரும் குத்தகைக்காரர்கள் மாதந்தவறாமல் வந்து இயந்திரத்தால் சவர்க்காரக் கட்டி போலச் சீவிவிட்டுப் போவார்கள். பூ வருவது புதுத்தளிரின் நுனியில். நுனியையே வெட்டிவிட்டுப் பூக்கவில்லையே என்று குறை பட்டால் செடி என்ன செய்யும்? பூத்து ஓய்ந்தபின் ஒருமுறை அளவாக வெட்டுங்கள், பிறகு அடுத்த பூப்பு முடியும்வரை கைவைக்காதீர்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னதற்கு என்னைக் கல்நெஞ்சக்காரி என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்வி.

இதில் எனக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? எங்கள் வீட்டுக்காரர். கொரோனாவுக்குப் பிறகு இவருக்கு மணம் தெரிவதில்லை என்பதை உனக்கு முன்பே எழுதியிருந்தேன். அது இன்னும் திரும்பவில்லை. மருத்துவர் சொன்னபடி எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, நீலகிரித் தைலம் என்று காலையும் இரவும் முகர்ந்து பார்க்கிறார். குழம்பு அடிப்பிடித்தால் தெரியாது, எரிவாயு கசிந்தால் தெரியாது என்பதுதான் எனக்குள்ள பயம். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் வேலியோரம் ஒரு மழைமானியை நட்டு, துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துக் கணக்குப் புத்தகத்தில் நாள்வாரியாக மழையளவைக் குறித்துவந்தார். ஜனவரி நடுவில் மழை நின்றதைக் குறித்தார், பிப்ரவரியில் ஒரு துளி இல்லாத வாரங்களுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டார். மார்ச்சில் பெருமழை கொட்டியதும், இனிமேல் யாரும் கத்தரிக்கோலை எடுக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியவரும் இவரே. பூத்த இரவில் நானே போய் எழுப்பினேன். வந்து நின்றார், ஒரு கொத்தை மூக்கருகில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தேனீக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மங்களம், நான் இதைப் பற்றி இவரிடம் பேசவும் இல்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை. உன்னிடம் எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சிவந்த பழத்தில் ஒன்றிரண்டு விதை எடுத்துக் கடித உறையில் வைத்து அனுப்பச் சொன்னாய். அனுப்ப மாட்டேன். சென்ற முறை பெர்த் விமான நிலையத்தில் கைப்பையில் கறிவேப்பிலையோடு நீ பட்ட பாடு போதாதா? அதிகாரி உன்னிடம் இது என்ன மூலிகை என்று கேட்டதற்கு நீ கொடுத்த விடையை நான் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. கெமுனிங்கும் கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் மஞ்சள் டிராகன் (ஹுவாங்லாங்பிங்) என்ற நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்கு இவ்விரண்டின் தளிர்களும் மிகவும் பிடித்த உணவு. பூச்சி நெல்மணியைவிடச் சிறியது. ஃபுளோரிடாவில் 1998-இல் பூச்சி நுழைந்தது, 2005-இல் நோய் கண்டறியப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலத்தில் 2022-23 பருவத்தில் இரண்டு கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயல்களுக்கும் அதில் பங்குண்டு என்றாலும் முதல் குற்றவாளி அந்த நோய்தான். ஆஸ்திரேலியாவில் அந்த நோயும் இல்லை, அந்தப் பூச்சியும் இல்லை. உன் பேரன் ஏறி விளையாடும் எலுமிச்சை மரத்தை நினைத்துக்கொள், என் மேல் உள்ள கோபம் தணிந்துவிடும். எப்படியும் விதை காய்ந்தால் முளைக்கும் திறன் சீக்கிரம் போய்விடும். பழத்திலிருந்து எடுத்துச் சதையைக் கழுவிய கையோடு ஊன்ற வேண்டியது அது.

நீ விதைக்காக ஏங்க வேண்டியதே இல்லை. உங்கள் ஊர் நாற்றுப் பண்ணைகளில் இதே கெமுனிங்கை முராயா என்று கேட்டால் வேலிக்கென்றே வளர்த்த செடிகளைக் கொடுப்பார்கள். பெர்த்தில் பாதித் தெருக்களில் அதுதான் வேலி என்று என் மைத்துனர் மகள் சொல்கிறாள். குயின்ஸ்லாந்துப் பக்கம் பறவைகள் பழத்தைத் தின்று காட்டுக்குள் பரப்பிவிடுவதால் அங்கே அதைக் களை என்றே எண்ணுகிறார்கள். நீயும் பூ முடிந்ததும் காயை வெட்டிவிடு. உன் ஊரில் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர், அதுவும் குளிர்காலத்தில் பெய்வது; கோடைதான் வறட்சி. ஆகவே எனக்கு நேர்மாறான வேலை உனக்கு. முதல் இரண்டு கோடைகளுக்கு ஆழமாகத் தண்ணீர் விட்டு வேரைக் கீழே இறக்கிவிடு, நாள்தோறும் மேலாகத் தெளிக்காதே. உங்கள் மணல் தண்ணீரை உள்ளே விடாமல் உருட்டித் தள்ளும் மணல் என்கிறார்கள். நடும் குழியில் மக்கிய உரம் கலந்து, மேலே மரச்சீவல் மூடாக்கு நாலு விரல் கனத்துக்குப் போடு, தண்டை ஒட்டிப் போடாதே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தானியங்கித் தெளிப்பான்களுக்கு உங்கள் ஊரில் தடை இருப்பதும் இந்தச் செடிக்கு ஒரு குறையாகாது. தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், கடலோரச் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்துக் கிடைக்கவில்லை என்று பொருள். கடையில் இரும்பு உரம் கேட்டு வாங்கி ஊற்று. மாவுப்பூச்சி கண்டால் சோப்புத் தண்ணீர் போதும், மகன் வாங்கிவரும் மருந்தையெல்லாம் அடிக்காதே.

படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே மட்டும் நடாதே, சற்றுத் தள்ளி நடு. தலைவலிக்காரி நீ, பூக்கும் வாரத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு என்னைத் திட்டுவாய்.

இங்கே அடுத்த தோட்டக் குழுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. லாவெண்டர் தம்பதி வேலியருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் என்றாலும், இப்போது ரோஸ்மேரி என்று ஒரு புதுப் பேச்சைத் தொடங்கியிருக்கிறார்கள். அதைத் தொட்டியில், மழைபடாத தாழ்வாரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம், நடைவழி 1.2 மீட்டர் விடவேண்டும் என்ற விதியைக் காட்டித் தொட்டியின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துவிடுவேன். உன் வீட்டு மண்ணின் அமிலத்தன்மையைச் சோதித்து எழுது. செப்டம்பரில் நீ வருவது உறுதியானால் தேதியை முன்கூட்டியே சொல், பெரிய டீச்சரைத் தயார்ப்படுத்த வேண்டும்.

அன்புடன்,
வள்ளி